பாதியில் எழுந்துபோனவர்களும் கடைசிவரை இருந்தவர்களும்

2011 கோடையில், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஸ்டாம்ஃபோர்ட் என்ற ஊரில் உள்ள ஏவன் திரையரங்கு தன் வாசலில் ஓர் அறிவிப்பை ஒட்டியது. டெரன்ஸ் மாலிக்கின் 'தி ட்ரீ ஆஃப் லைஃப்' அங்கே ஓடிக்கொண்டிருந்தது. பார்வையாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். இது தத்துவம் சார்ந்த, தனிப் பார்வை கொண்ட ஓர் இயக்குநரின் படம். வழக்கமான நேர்கோட்டுக் கதை இதில் இருக்காது. டிக்கெட் எடுக்கும் முன் படத்தைப் பற்றிப் படித்துவிட்டு வாருங்கள். பணம் திருப்பித் தர மாட்டோம். அறிவிப்பின் சாரம் இவ்வளவுதான்.

அதற்குச் சில வாரங்கள் முன்பு, அதே படம் கான் விழாவில் பத்திரிகையாளர்களுக்குத் திரையிடப்பட்டபோது அரங்கில் ஒரு பக்கம் கூச்சல், இன்னொரு பக்கம் கைதட்டல். சில நாள் கழித்து ராபர்ட் டி நீரோ தலைமையிலான நடுவர் குழு விழாவின் உயர்ந்த விருதான தங்கப்பனையை அதற்கே கொடுத்தது. 2016இல் பிபிசி பல நாட்டு விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில், 21ஆம் நூற்றாண்டின் சிறந்த படங்கள் வரிசையில் அதற்கு ஏழாவது இடம் கிடைத்தது.

காட்சிமொழியில் துணிந்து ஏதாவது செய்யும் படம் வரும்போதெல்லாம் இந்தச் சண்டை மூள்கிறது. சண்டைக்குக் காரணம் சொல்ல இரண்டு பதில்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. பிடிக்காதவருக்கு ரசனை போதாது என்பது ஒன்று. பிடித்தது என்று சொல்பவர் பொய் சொல்கிறார், அறிவாளி வேஷம் போடுகிறார் என்பது மற்றொன்று. இரண்டையும் நான் நம்பவில்லை. கடந்த அறுபது, அறுபத்தைந்து ஆண்டுகளில் இப்படிப் பிளவை உண்டாக்கிய படங்களை எடுத்துப் பார்த்தால், எழுந்துபோனவரும் உட்கார்ந்திருந்தவரும் பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் கவனித்திருக்கிறார்கள். ஒருவரை விரட்டிய அதே ஷாட் இன்னொருவரைக் கட்டிப்போட்டிருக்கிறது. என்ன கிடைக்கும் என்று சொல்லி அவர்களை உள்ளே அழைத்தோம் என்பதில்தான் பிளவின் பெரும்பகுதி தொடங்குகிறது.

முதலில் 1960 மே மாதம். கானில் மைக்கேலாஞ்சலோ அன்டோனியோனியின் 'லாவென்ச்சுரா' திரையிடப்படுகிறது. சிசிலிக்கு வடக்கே ஒரு பாறைத்தீவுக்கு உல்லாசப் படகில் போகும் கூட்டத்தில் அன்னா என்ற பெண் காணாமல் போகிறாள். தேடுகிறார்கள். தேடிக்கொண்டே அவளுடைய காதலனும் தோழியும் நெருங்குகிறார்கள். அன்னா என்ன ஆனாள் என்பதைப் படம் கடைசிவரை சொல்வதில்லை. ஒரு கட்டத்துக்கு மேல் அதைப் பற்றிக் கவலைப்படுவதும் இல்லை. அரங்கில் சிரிப்பும் கேலியும் எழுந்தன. நீண்ட ஷாட்டுகளின்போது "கட்! கட்!" என்று கத்தினார்கள். இயக்குநரும் நாயகி மோனிகா விட்டியும் அரங்கை விட்டு வெளியேறினார்கள். விட்டி அழுதுகொண்டே போனார். மறுநாள் ரொபெர்டோ ரொசெலினி உட்படத் திரைக்கலைஞர்களும் விமர்சகர்களும் படத்துக்கு ஆதரவாகக் கையெழுத்திட்டுக் கடிதம் வெளியிட்டார்கள். நடுவர் பரிசும் கிடைத்தது.

"கட்" என்று கத்தியவர்களை மூடர்கள் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அவர்கள் மிகச் சரியாகப் பார்த்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. கதைக்கு அந்த ஷாட்டில் இனி வேலையில்லை என்பதைத் துல்லியமாக உணர்ந்து, உணர்ந்த நொடியில் குரல் கொடுத்தார்கள். வேலை முடிந்த பிறகும் கேமரா அங்கேயே நிற்பதுதான் அன்டோனியோனியின் படம். ஆட்கள் நகர்ந்த பிறகு பாறையும் கடலும் அப்படியே இருப்பதும், ஒருத்தி போன பின்னும் உலகம் தன்பாட்டில் கிடப்பதும்தான் அவருக்கு வேண்டியிருந்தது. அரங்கில் இருந்த இரு தரப்புக்கும் அது தெரிந்தது. ஒரு தரப்புக்கு மட்டும் அது வேண்டியிருக்கவில்லை.

1962இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழின் விமர்சகர் வாக்கெடுப்பில் உலகின் சிறந்த படங்களில் இரண்டாவது இடம் 'லாவென்ச்சுரா'வுக்கு. காலம் பதில் சொல்லிவிட்டது என்று இதைக் காட்டி ஆறுதல் சொல்வார்கள். அந்த ஆறுதலில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதே இதழின் 1992 பட்டியலில் முதல் பத்தில் அந்தப் படம் கிடையாது. 1960இல் கத்தியவர்கள் 1962இல் தோற்று, 1992இல் ஜெயித்துவிட்டார்கள் என்று கொள்ள முடியுமா? பட்டியல்கள் விமர்சகர்களின் மனம் எங்கே போகிறது என்பதைக் காட்டும். அன்று அந்த இருட்டில் உட்கார்ந்திருந்தவருக்கு என்ன நடந்தது என்பதைக் காட்டாது.

1968 ஏப்ரலில் வந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' இந்தப் பேச்சில் வேறொரு பாடத்தைத் தருகிறது. முதல் காட்சிகளில் கூட்டமாக எழுந்துபோனார்கள். ஸ்டான்லி குப்ரிக் நியூயார்க் திரையிடலுக்குப் பிறகு சுமார் 19 நிமிடங்களை வெட்டினார். அப்போதைய போஸ்டர்கள் அதைச் சாகசமும் தேடலும் நிறைந்த பெரும் நாடகம் என்று விற்றன. விண்வெளிச் சாகசம் பார்க்க வந்தவருக்கு முதல் இருபத்தைந்து நிமிடம் ஒரு வசனமும் கிடையாது. கடைசியில் விளக்கமே இல்லாத ஒளிவெள்ளம். இளைஞர்கள் வேறு எதற்காகவோ அந்தப் படத்துக்குத் திரும்பத் திரும்ப வருவதை எம்ஜிஎம் நிறுவனம் கவனித்தது. போஸ்டரில் இருந்த சாகசம் போய், போதைத் தலைமுறைக்குப் புரிகிற பாஷையில் இதுதான் உச்சப் பயணம் என்ற வாசகம் வந்தது. அதன் பிறகு வந்தவர்கள் பார்த்ததும் அதே படத்தைத்தான். அவர்களிடம் கொடுத்த வாக்குறுதி மட்டும் மாறியிருந்தது.

அந்த ஒளிவெள்ளத்தை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் டக்ளஸ் ட்ரம்புல். நாற்பது ஆண்டு கழித்து அவரையே மாலிக் தேடிப் போனார். 'தி ட்ரீ ஆஃப் லைஃப்' படத்தில் பிரபஞ்சம் பிறக்கும் பகுதிக்கு முழுக்கக் கணினிச் சித்திரம் வேண்டாம் என்று இருவரும் நினைத்தார்கள். தொட்டிகளில் ரசாயனங்கள், சாயங்கள், பால்போன்ற திரவங்கள், புகை, சுழலும் தட்டுகள் ஆகியவற்றை அதிவேகக் கேமராவில் பிடித்தார்கள். நட்சத்திர மேகமாகத் திரையில் விரிவது ஒரு பாத்திரத்துக்குள் கலங்கும் திரவமாகவே இருக்கலாம். ப்ரைஸ்னரின் இரங்கல் இசை ஒலிக்க, சுமார் இருபது நிமிடம் இது ஓடுகிறது. எழுந்துபோனவர்களில் பலர் எழுந்தது இங்கேதான்.

அந்த இருபது நிமிடத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு தாய்க்குத் தந்தி வருகிறது. பத்தொன்பது வயது மகன் இறந்துவிட்டான். அவள் கடவுளிடம் ஏன் என்று கேட்கிறாள். படம் ஏற்கெனவே யோபு நூலின் ஒரு வசனத்தோடுதான் தொடங்கியிருக்கிறது. துன்பத்துக்குக் காரணம் கேட்ட மனிதனிடம் கடவுள் படைப்பின் பிரமாண்டத்தைக் காட்டித் திருப்பிக் கேட்கும் இடம் அது. ஆக, அந்த வானமும் எரிமலையும் அலையும் ஒரு தாயின் கேள்விக்கு வந்த பதில். பதிலே இல்லாத பதில் என்றும் சொல்லலாம். பைபிளோடு வளர்ந்த ஒருவருக்கு இந்த இணைப்பு தானாக விழும். விழாதவருக்கு, குடும்பக் கதை நடுவே யாரோ தொலைக்காட்சியில் அறிவியல் சேனலுக்கு மாற்றிவிட்டதுபோல் இருக்கும். இதில் அறிவுக் கூர்மைக்கு என்ன வேலை? எந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தோம் என்பதுதான் கணக்கு.

எனக்கு அந்தப் படத்தில் எல்லாமே ஒட்டியது என்று சொல்ல மாட்டேன். ஆற்றங்கரையில் விழுந்து கிடக்கும் டைனோசரின் தலைமேல் இன்னொன்று காலை வைத்து, பின் விட்டுவிட்டுப் போகும் காட்சி கருணையின் பிறப்பு என்று விளக்கப்படுகிறது. அது வலிந்து வைத்தது. இறுதியில் எல்லோரும் கடற்கரையில் சந்திக்கும் பகுதி அதைவிடப் பலவீனம். மூத்த மகனாக நடித்த ஷான் பென்னே, திரைக்கதையில் படித்த உணர்ச்சியைத் திரையில் தான் காணவில்லை என்று பிரெஞ்சு நாளேடு ஒன்றில் வெளிப்படையாகச் சொன்னார். கூச்சலிட்டவர்களுக்கு இங்கே நியாயம் இருந்தது. 

ஆனால் இதே படத்தில் அண்ணன் தம்பிக் காட்சி ஒன்று உண்டு. டெக்சாஸ், 1950கள். அண்ணன் ஜாக்கின் கையில் காற்றுத் துப்பாக்கி. குழல் வாயில் விரலை வை என்கிறான். தம்பி வைக்கிறான். அண்ணன் சுட்டுவிடுகிறான். வலியில் ஓடும் தம்பியின் முகத்தில், வலியைவிட நம்பிக்கை போன அதிர்ச்சிதான் தெரிகிறது. பிறகொரு நாள் அண்ணன் மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் தடுமாற, தம்பி அவன் தோளைத் தொடுகிறான். எமானுவேல் லுபெஸ்கியின் கேமரா இயற்கை வெளிச்சத்தில், பிள்ளைகளின் உயரத்தில், அவர்களோடு ஓடிக்கொண்டே இருக்கிறது. இறந்துபோனவன் இந்தத் தம்பிதான் என்பது நமக்கு முன்பே தெரியும். கதையைக் கலைத்துப் போட்டதன் பலன் இதில் கிடைக்கிறது: சாதாரண விளையாட்டுகூட இழப்பின் வெளிச்சத்தில் தெரிகிறது. இருபதாவது நிமிடத்தில் எழுந்துபோனவருக்கு இது கிடைக்கவில்லையே என்பதுதான் என் வருத்தம். அவர்மேல் கோபம் இல்லை.

இப்படிப்பட்ட படங்களுக்குப் பார்வையாளர் எழுதிய சாட்சியங்களில் மிக முக்கியமானவை தார்க்கோவ்ஸ்கியின் 'கண்ணாடி' படத்துக்கு வந்த கடிதங்கள். 1975இல் சோவியத் நிர்வாகம் அந்தப் படத்தைக் குறைந்த பிரதிகளோடு அரைமனதாக வெளியிட்டது. தனக்கு வந்த கடிதங்களைத் தார்க்கோவ்ஸ்கி தன் நூலில் இரு தரப்பிலிருந்தும் எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஒரு பொறியாளர், படத்தைப் புரிந்துகொள்ள மெய்யாகவே முயன்று தலைவலி வந்ததாக எழுதுகிறார். ஒரு பெண், என் பிள்ளைப்பருவம் அப்படியே இருந்தது, உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கிறார். பொறியாளர் முயன்றார் என்பதைக் கவனியுங்கள். விடை கண்டுபிடிக்க வேண்டிய கணக்காகப் படத்தை எடுத்துக்கொண்டதால் தலை வலித்தது. அந்தப் பெண் எதையும் கண்டுபிடிக்க முயலவில்லை. நினைவுக்கு வந்ததை வரவிட்டார்.

அந்தப் படத்தின் தொடக்கத்தில், தாய் வேலிக்கட்டையில் உட்கார்ந்து புகைபிடித்துக்கொண்டிருக்கிறாள். வழி தவறி வந்த ஒரு மருத்துவன் பக்கத்தில் உட்கார, கட்டை முறிந்து இருவரும் விழுகிறார்கள். அவன் சிரித்துவிட்டு வயல் வழியே போகிறான். சற்றுத் தூரம் போய்த் திரும்பிப் பார்க்கிறான். அந்த நேரம் பயிரின் மேல் பெருங்காற்று ஒன்று அவன் இருக்கும் பக்கமிருந்து இவளை நோக்கி வருகிறது. அவ்வளவுதான் காட்சி. அவன் படத்தில் மறுபடி வருவதே இல்லை. தார்க்கோவ்ஸ்கி தன் சிறுவயதில் இருந்த மாதிரி அந்த வயலில் பக்வீட் பயிரை விதைக்க வைத்துக் காத்திருந்தார். இந்தக் காற்றுக்கு என்ன அர்த்தம் என்று கேட்பவரும் உண்டு, கேட்கத் தோன்றாதவரும் உண்டு. கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. கதைப்படங்கள் எல்லாம் அப்படிக் கேட்கத்தான் நம்மைப் பழக்கியிருக்கின்றன.

இந்தியாவுக்கு வந்தால், பிளவு எங்கே தொடங்குகிறது என்ற கேள்வியை ஆராய்ச்சிக்கூடத்தில் வைத்துச் சோதித்ததுபோல் ஓர் உதாரணம் கிடைக்கிறது. 1969-70இல் ஃபிலிம் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் என்ற அரசு நிறுவனத்தின் கடனில் மூன்று இந்திப் படங்கள் வந்தன: மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்', பாசு சாட்டர்ஜியின் 'சாரா ஆகாஷ்', மணி கௌலின் 'உஸ்கி ரோட்டி'. மூன்றுக்கும் ஒளிப்பதிவாளர் ஒருவரே, கே.கே. மகாஜன். பணம் ஒரே இடத்தில் இருந்து. கேமராக் கண்ணும் ஒருவருடையதே. 'புவன் ஷோம்' மக்களுக்குப் பிடித்து ஓடியது. 'உஸ்கி ரோட்டி'யைப் பத்திரிகைகள் கிழித்தன; வழக்கமான திரையரங்கு ஓட்டம் அதற்குக் கிடைக்கவில்லை. 

மோகன் ராகேஷின் சிறுகதையிலிருந்து எடுத்த படம் அது. பஞ்சாப் கிராமத்துப் பெண் பாலோ, பஸ் டிரைவரான கணவனுக்குச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் தினமும் காத்து நிற்கிறாள். ஒருநாள் தாமதமாகிறது. அவன் கோபித்துக்கொண்டு சாப்பாட்டை வாங்காமல் போய்விடுகிறான். அவள் இரவுவரை நிற்கிறாள். நடிகர்கள் உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுச் சமமான குரலில் பேசுகிறார்கள். கை, மாவு, சுவர், மரம் என்று துண்டு துண்டாக ஷாட்டுகள். மணி கௌல் 28 எம்எம், 135 எம்எம் என்று இரண்டு லென்ஸுகளை வைத்துக்கொண்டார். நடப்பதற்கு ஒன்று, அவள் நினைப்பதற்கு ஒன்று என்று தொடங்கி, போகப்போக இரண்டையும் மாற்றிவிட்டார். எது நடந்தது, எது அவள் காத்திருப்பின் கற்பனை என்பது கலங்கிவிடுகிறது. நிற்பவளின் அலுப்பு பார்ப்பவர்மேல் அப்படியே இறங்குகிறது. "படம் நகரவே இல்லை" என்று ஒருவர் சொன்னால், அது 'உஸ்கி ரோட்டி'யைப் பற்றிய மிகச் சரியான வர்ணனை. பாலோவின் வாழ்க்கையும் நகரவில்லை.

சத்யஜித் ராய் இந்தப் புதிய அலையை நம்பவில்லை. 1971இல் எழுதிய கட்டுரையில், 'புவன் ஷோம்' வென்றதற்குக் காரணம் அதன் பரிசோதனைகள் அல்ல, அழகான நாயகி, காதுக்கினிய இசை, ஆசையைத் தீர்த்துவைக்கும் எளிய கதை போன்ற பழகிய அம்சங்கள்தான் என்றார். 1974இல் மணி கௌலின் 'துவிதா'வையும் குமார் சஹானியின் 'மாயா தர்ப்பண்'னையும் இன்னும் கடுமையாக விமர்சித்தார். ராயை இதில் பிற்போக்காளர் ஆக்கிவிடுவது எளிது. 'புவன் ஷோம்' பற்றிய அவர் கணிப்பு சரி என்றே நினைக்கிறேன். அந்தப் படம் பார்வையாளரிடம் முதலில் தெரிந்த ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு, பிறகு தெரியாத ஒன்றைக் காட்டியது. மணி கௌல் கையில் எதையும் கொடுக்க மறுத்தார். ஆனால் அந்த மறுப்பும் ஒரு கலைஞனின் உரிமை என்பதை ராய் ஏற்கவில்லை. அங்கேதான் நான் அவரிடமிருந்து விலகுகிறேன். காத்திருக்கும் ஒருத்தியின் கதையை விறுவிறுப்பாக எடுத்தால் அது வேறொருத்தியின் கதையாகிவிடும்.

'உஸ்கி ரோட்டி'யில் மணி கௌலுக்கு உதவியாளராக இருந்தவர்களில் ஒருவர் ஜான் ஆபிரகாம். பிற்பாடு தமிழில் 'அக்ரகாரத்தில் கழுதை'யை எடுத்தவர். பார்வையாளர் பிரச்சினைக்கு அவர் கண்ட வழி வேறு. 1986இல் வந்த மலையாளப் படமான 'அம்ம அறியான்'னுக்கு, ஒடேசா என்ற கூட்டமைப்பின் வழியே பொதுமக்களிடம் சிறு தொகைகளாகப் பணம் திரட்டினார். படத்தை மறுபடி அவர்களிடமே கொண்டுபோனார்கள். அதுவும் எளிதான படம் அல்ல. ஆனால் பணம் போட்டவருக்கு அது யாருடைய படம் என்ற சந்தேகம் வந்திருக்காது.

தமிழில் அண்மையில் இந்தப் பிளவைக் கிட்டத்தில் பார்த்தோம். பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்றது; அந்த விருதைப் பெற்ற முதல் தமிழ்ப் படம். குடிகாரத் தகப்பனும் பள்ளிச் சிறுவனும் கொளுத்தும் வெயிலில் நடக்கிறார்கள்; பெரும்பாலும் அவ்வளவுதான் கதை. பையன் தாகத்துக்குக் கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான். 2023இல் அது நேராக ஓடிடியில் வந்தது. பாராட்டினார்கள், சிலர் பாதியில் நிறுத்தியிருப்பார்கள். சண்டை ஒன்றும் நடக்கவில்லை.

2024 ஆகஸ்ட் 23 அன்று வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' திரையரங்குகளில் வந்தது. பெர்லின் விழாவில் திரையிடப்பட்ட படம். பின்னணி இசை கிடையாது. நீண்ட ஷாட்டுகள். மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று நம்பும் குடும்பம் அவளை ஆட்டோவில் ஏற்றிச் சாமியாரிடம் கூட்டிப்போகிறது. அவள் வேறு சாதிப் பையனைக் காதலிப்பதுதான் அந்தப் பேய். அவளுக்கு நிச்சயித்த பாண்டியாகச் சூரி. 'விடுதலை' முதல் பாகத்துக்கும், மூன்றே மாதம் முன் வெளியான 'கருடன்'னுக்கும் பிறகு, சண்டை போடும் நாயகனாகச் சூரி மக்கள் மனத்தில் உயர்ந்திருந்த நேரம். போஸ்டரில் அந்த முகம். தயாரிப்பாளர் பெயரோ சிவகார்த்திகேயன். வந்தவர்கள் எதற்கு வந்தார்கள் என்று கேட்க வேண்டியதே இல்லை.

தொண்டை கட்டி, கழுத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு கரகரக்கும் குரலில் பேசும் பாண்டியைத்தான் அவர்கள் பார்த்தார்கள். வழியில் ஒலிக்கும் பாட்டை மீனா முணுமுணுத்ததற்காக அவன் வெறிபிடித்து அடிக்கிறான். அவளை மட்டுமா, குறுக்கே வந்த எல்லோரையும். இன்னோர் இடத்தில் சாலையில் காளை ஒன்று மறித்து நிற்கிறது. மீசை முறுக்கிய ஆண்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு சிறுமி வந்து அதைக் கூட்டிப்போகிறாள். இசை ஏதும் அதை அடிக்கோடிடவில்லை. கவனித்தவர் சிரித்தார், கவனிக்காதவருக்கு ஒரு மாடு போனது. இசை இல்லாத படத்துக்கு நம் திரையரங்குகள் பழக்கப்பட்டவையும் அல்ல. செல்போன் மணியும் பாப்கார்ன் சத்தமும் வழக்கமாகப் பின்னணி இசையில் அமுங்கிப்போகும். இங்கே அவையும் படத்தின் ஒலிப்பதிவில் சேர்ந்துவிட்டன.

இந்தப் படம் திரையரங்குக்கே வந்திருக்கக் கூடாது என்று திரையுலகத்துக்குள் இருந்தே ஒரு குரல் எழுந்தது. காசு கொடுத்தவரின் ஏமாற்றத்தை நினைத்துச் சொன்னது அது. அந்த அக்கறை நிஜம். முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. வீட்டில் கைப்பேசியோடு உட்கார்ந்து பார்த்தால், அந்த ஆட்டோவுக்குள் மீனாவோடு அடைபட்டுக் கிடக்கும் உணர்வு வராது. பெரிய திரையும் எழுந்துபோக முடியாத இருட்டும் அந்தப் படத்தின் உறுப்புகள். திரையரங்குக்கு வரட்டும், ஆனால் சொல்லிவிட்டு வரட்டும் என்பதே என் பக்கம். டிரெய்லரில் ஒரு முழு நீள ஷாட்டை வெட்டாமல் காட்டலாம். எல்லா ஊரிலும் நாலு காட்சி போடுவதற்குப் பதில் சில ஊர்களில் ஒரு காட்சி போட்டுக் கூடுதல் வாரம் ஓட்டலாம். இடைவேளை விட்டு மூச்சைக் கலைக்காமல் இருக்கலாம். எங்களைப் போன்று எழுதுகிறவர்களும் 'உலகத்தரம்', 'காவியம்' என்று தள்ளிவிடுவதை நிறுத்தி, பாட்டும் பின்னணி இசையும் இல்லை, முடிவைச் சொல்லாமல் முடிகிறது என்று முதல் பத்தியிலேயே எழுத வேண்டும். படம் பிடிக்காமல் போகும் உரிமை அதற்குப் பிறகும் எவருக்கும் குறையப்போவதில்லை.

'கொட்டுக்காளி'யின் கடைசியில் பாண்டி தன் முறைக்காகக் காத்து நிற்கிறான். தனக்கு முன்னால் வந்த பெண்ணிடம் அந்தச் சாமியார் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்க்கிறான். படம் அங்கே நின்றுவிடுகிறது. "அப்புறம் பாண்டி என்னதான் செஞ்சான்?" என்று படியிறங்கும்போது கோபமாகக் கேட்டவர்களைப் படம் புரியாதவர்கள் என்று கேலி செய்தார்கள். வினோத்ராஜ் படத்தை அந்த இடத்தில் நிறுத்தியது, அந்தக் கேள்வி அவர்கள் வாயிலிருந்து வர வேண்டும் என்பதற்காகத்தான்.